திறப்பது இருக்கட்டும், மூடுவது?

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு லாரி வந்து கடையின் பின்வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும். சோனாமசூரி மூட்டை, முருங்கைக்காய்ப் பெட்டி, உறைய வைத்த பரோட்டா, வாழையிலைக் கட்டு, ஊறுகாய் பாட்டில் என்று எல்லாவற்றையும் இறக்கி, எண்ணி, பிரித்து உள்ளே அனுப்புகிறவள் நான். ஆரிகன் மாநிலம் பீவர்ட்டனில் ஓர் இந்திய மளிகைக் கடை. வீட்டுக்காரருக்குப் பக்கத்து ஊரில் சிப் கம்பெனி வேலை. எனக்கு வேலை பார்க்கிற அனுமதி அட்டை வந்த மறுமாதமே இங்கே சேர்ந்துவிட்டேன், ஆறு வருஷம் ஆகிறது. லாரி வரும் நாளில் கத்தியை எத்தனை தடவை திறக்கிறேன் என்று ஒருநாள் பேனாவால் அட்டையில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் 83.

டாலஸில் இருக்கும் என் கொழுந்தன் போன வாரம் போன் பண்ணினார். "அண்ணி, ஒரு நல்ல பாக்கெட் கத்தி வாங்கணும். அசிஸ்டட் வாங்கவா, மேனுவல் வாங்கவா?" அண்ணன்காரரிடம் கேட்காமல் என்னிடம் கேட்டதே எனக்குப் பெருமைதான். பத்து நிமிஷம் பேசியும் தீரவில்லை. எழுதியே அனுப்பிவிடுகிறேன் தம்பி என்று வைத்துவிட்டேன். அதுதான் இது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேனுவல் என்றால் அலகை மொத்தமாக வெளியே கொண்டுவருவது உங்கள் விரல்தான். நம்மூர்ப் பேனாக்கத்தி அந்த வகை. பிடியில் இருக்கிற பொத்தானை அமுக்கினால் அலகு தானே பாய்ந்து வந்தால் அது ஆட்டோ, சினிமாவில் வில்லனின் அடியாள் வைத்திருக்கும் பட்டன் கத்தி. இரண்டுக்கும் நடுவில் நிற்பது அசிஸ்டட். அலகைக் கொஞ்ச தூரம் நீங்கள் தள்ளினால் போதும், மிச்சத்தை உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். தள்ளுவதற்கு அலகின் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும், இல்லையென்றால் பிடியின் முதுகுப் பக்கம் மீன் துடுப்பு மாதிரி ஒரு நீட்டம் இருக்கும். அந்தத் துடுப்புக்கு ஃப்ளிப்பர் என்று பெயர்.

"கடையில் பாக்ஸ் கட்டர் தருவார்களே, அது போதாதா?" என்று கேட்பவர்களுக்கு: அட்டைப்பெட்டிக்குப் போதும், அட்டைப்பெட்டிக்கு அதைவிட நல்லது ஒன்றும் கிடையாது. மழுங்கினால் பிளேடை மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் முருங்கைக்காய்க் கட்டில் இறுக்கிப் போட்ட பிளாஸ்டிக் டை, பெட்டிகளைச் சேர்த்துக் கட்டின பட்டை, வாழையிலையைச் சுற்றின சணல் இதற்கெல்லாம் கொஞ்சம் நீளமான, வயிறு உள்ள, அதாவது வெட்டுகிற ஓரம் வளைந்த அலகு வேண்டும். அரிசி மூட்டைக்கு மட்டும் கத்தியே வேண்டாம். சங்கிலித் தையலில் சரியான முனையைக் கண்டுபிடித்து முடிச்சைக் கிள்ளிவிட்டு இழுத்தால் சரசரவென்று மொத்தமும் ஓடிவிடும். தப்பான முனையை இழுத்தால் இறுகிக்கொள்ளும். புதிதாகச் சேர்கிற பையன்கள் மூட்டையைக் கத்தியால் கீறி அரிசியைத் தரையில் கொட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நான் வந்து சேர்ந்த ஊர் கத்தி ஊர் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. கத்திக் கம்பெனிகளைச் சொல்கிறேன்: லெதர்மேன் போர்ட்லண்டில். பெஞ்ச்மேட் ஆரிகன் சிட்டியில். 1974இல் பீட் கெர்ஷா என்பவர் தொடங்கி, பிறகு ஜப்பானின் காய் நிறுவனம் வாங்கிய கெர்ஷா, டுவாலட்டினில். எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிஷம். அசிஸ்டட் கத்தி பட்டிதொட்டியெல்லாம் பரவியது இந்தக் கெர்ஷாவால்தான். ஹவாயில் இருக்கும் கென் ஆனியன் என்ற கத்திக் கலைஞர் வடிவமைத்த ஏற்பாடு அது; ஸ்பீட்சேஃப் என்று பெயர் வைத்து 1998ஐ ஒட்டி இறக்கினார்கள். காய்கறிக் கடைக்காரிக்கு மறக்கவே முடியாத பெயர், வெங்காயம்!

அந்த ஏற்பாடு எப்படி என்றால், பிடிக்குள் மெல்லிய கம்பி ஒன்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு முனை பிடியில், மறுமுனை அலகில். கத்தி மூடியிருக்கும்போது அந்தக் கம்பி அலகை உள்பக்கமாகவே பிடித்து வைக்கும். குமிழையோ துடுப்பையோ நீங்கள் தள்ளி ஒரு மேட்டைத் தாண்டிவிட்டால் அதே கம்பி கட்சி மாறி அலகை வெளிப்பக்கம் தள்ளும். க்ளாக்! திறந்தாயிற்று.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1958லிருந்தே பட்டன் கத்திக்குத் தனியாக மத்தியச் சட்டம் உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் விற்கக் கூடாது, இறக்குமதி கூடாது. 2009 மே மாதம் சுங்கத் துறை, ஸ்பிரிங் உதவியோடு திறக்கிற கத்தியையும் அந்தப் பட்டியலில் சேர்க்கப் பார்த்தது. கத்திக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்த வருஷம் அக்டோபரிலேயே சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. திருத்தத்தின் சாரம்: மூடிய நிலையிலேயே இருக்கப் பார்க்கிற கத்தி, அந்தப் பிடிவாதத்தை மீறக் கையால் அலகின் மேல் விசை கொடுத்தாக வேண்டிய கத்தி, பட்டன் கத்தி ஆகாது. எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று சட்டம் பார்க்கவில்லை. மூடியிருக்க விரும்புகிறதா என்றுதான் பார்த்தது. கத்தி வாங்குகிறவர்கள்தான் அதைப் பார்ப்பதில்லை. கடையில் நின்று பத்துத் தடவை திறந்து பார்ப்பார்கள். மூடும்போது கண் வேறெங்கோ இருக்கும்.

(எங்கள் ஆரிகன் மாநிலச் சட்டத்தில் வேறொரு வரியும் உண்டு. ஸ்பிரிங் விசையாலோ சுழற்றும் விசையாலோ அலகு வெளியே வரும் கத்தியை உடம்பில் மறைத்து எடுத்துப் போகக் கூடாது. அசிஸ்டட் கத்தியை ஊருக்கெல்லாம் அனுப்புகிற மாநிலத்தில் இப்படி ஒரு வரி! நான் கிளிப் வெளியே தெரிகிற மாதிரிதான் ஏப்ரனில் மாட்டிக்கொள்கிறேன்.)

என் முதல் கத்தி அசிஸ்டட். கம்பெனி பெயர் வேண்டாம், நடந்ததில் பாதித் தப்பு என்னுடையது. வாங்கின புதிதில் அதைத் திறப்பதே ஒரு விளையாட்டு. வேலை இல்லாத நேரத்திலும் க்ளாக், க்ளாக். ஒருநாள் கறிவேப்பிலைக் கட்டைப் பிரிக்க எடுத்தேன். பக்கத்தில் பேத்தியோடு நின்றிருந்த ஒரு பாட்டி அந்தச் சத்தத்தில் ஒரு அடி பின்னால் போய்விட்டார். "என்னம்மா, சண்டைப் படத்துல வர்ற மாதிரி!" என்றார் நம்ம தமிழில். குழந்தை அவர் சேலைக்குள் ஒளிந்துகொண்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மெதுவாகத் திறந்திருக்கலாமே என்றால், அந்தக் கத்திக்கு மெதுவாகத் திறக்கத் தெரியாது. ஒரே வேகம், ஒரே சத்தம்.

விரல் கதை அதற்கு இரண்டு வாரம் கழித்து. அதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நான் நொட்டாங்கைக்காரி. சின்ன வயதில் அம்மா அடித்தும் கெஞ்சியும் பார்த்து, சாப்பிடுகிற கையை மட்டும்தான் மாற்ற முடிந்தது. மற்றதெல்லாம் இடது கைதான். கத்திகளோ வலக்கைக்காரர்களுக்காகச் செய்தவை. என் கத்தியில் இருந்தது லைனர் லாக். திறந்ததும் பிடிக்குள்ளிருந்து ஒரு தகடு வளைந்து வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும். மூட வேண்டுமானால் அந்தத் தகட்டைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். வலது கையில் பிடித்தால் கட்டைவிரல் தானாக அங்கே போய் விழும். இடது கையில் பிடித்தால் கட்டைவிரல் எதிர்ப்பக்கம் போய்விடும். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுத் தகட்டை இழுக்க வேண்டும். அந்த விரல் நிற்கிற இடமும் அலகு வந்து படிகிற இடமும் ஒன்று.

சாதாரணக் கத்தியாக இருந்தால் பரவாயில்லை. அலகை அரைவாசி மடக்கி, விரலை எடுத்துவிட்டு, மிச்சத்தை மடக்கலாம். அசிஸ்டடில் மூடுவது என்பது ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டுவது. திறந்து கிடக்கிற அலகைக் கம்பி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், நீங்கள் அதை எதிர்த்து உள்ளே தள்ளிக்கொண்டே போக வேண்டும். போய்க்கொண்டே இருக்கும்போது அந்த மேடு வரும். அதுவரைக்கும் எதிர்த்துத் தள்ளிய கம்பி அங்கே கட்சி மாறும் இல்லையா? எதிர்ப்பு சட்டென்று காணாமல் போகும். உங்கள் கை கொடுத்துக்கொண்டிருக்கும் விசை மட்டும் மிச்சம் இருக்கும். பூட்டியிருக்கிறது என்று நினைத்துக் கதவை முட்டியவன் உள்ளே போய் விழுகிற மாதிரி அலகு உள்ளே போய் விழும்.

கூலர் அறை. கை ஈரம். கொத்தமல்லிக் கட்டை அறுத்துவிட்டு அவசரமாக மூடினேன். இடது ஆள்காட்டி விரல் தகட்டிலேயே இருந்தது. வலது உள்ளங்கையால் அலகின் முதுகைத் தள்ளுகிறேன், தள்ளுகிறேன், பட். வலி உடனே தெரியவில்லை. கொத்தமல்லி ஈரத்தில் சிவப்பு கலந்ததைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மூன்று தையல். இரண்டு வாரம் எனக்கு விலைச்சீட்டு ஒட்டுகிற வேலை கொடுத்தார்கள். அதையும் வலது கையால் கோணல்மாணலாக ஒட்டி வைத்தேன்.

தையல் பிரித்த அன்று ராத்திரி அந்தக் கத்தியைக் கழற்றினேன். கோபம் ஒரு பக்கம். டேப் பசையும் அட்டைத் தூசியும் உள்ளே அடைத்து ரொம்ப நாளாகச் சுத்தம் பண்ண வேண்டியிருந்தது இன்னொரு பக்கம். சமையலறை மேடையில் வெள்ளைத் துண்டை விரித்து, வீட்டுக்காரரின் டீ6 டார்க்ஸ் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று ஸ்க்ரூ வரைக்கும் நல்லபடியாகப் போனது. நாலாவதைக் கழற்றி மேல்தகட்டைத் தூக்கினதும் அந்தக் கம்பி டிங் என்று எகிறியது. கொண்டை ஊசியைச் சின்னதாக வெட்டி இரண்டு முனையையும் வளைத்த மாதிரி ஒரு சாமான். ஃப்ரிட்ஜுக்கு அடியில் போனதைக் கண்ணால் பார்த்தேன். ஒட்டடைக் கம்பு, காந்தம், வீட்டுக்காரரின் முணுமுணுப்பு எல்லாவற்றையும் உபயோகித்துப் பார்த்தோம். கிடைக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் அங்கேதான் எங்கேயோ கிடக்கிறது.

"போகுது போ, கம்பி இல்லாமலே மாட்டிப் பாரு, மேனுவல் கத்தி ஆயிரும்ல?" என்றார் அவர். நியாயமான யோசனை. மாட்டினேன். திறப்பது பரவாயில்லாமல் இருந்தது, மூடுவது வெண்ணெய். அரை நிமிஷம் சந்தோஷம். கத்தியைத் தலைகீழாகப் பிடித்தேன், அலகு தொளதொளவென்று தானே வெளியே வந்து தொங்கியது.

அப்போதுதான் எனக்கு இந்த விஷயமே புரிந்தது. நல்ல மேனுவல் கத்தியில் பூட்டுத் தகட்டின் முனையில் கடுகைவிடச் சின்னதாக ஒரு குண்டு பதித்திருப்பார்கள். மூடியிருக்கும்போது அந்தக் குண்டு அலகின் அடியில் உள்ள குழியில் போய் உட்காரும். இதற்கு டிடென்ட் என்று பெயர். பாக்கெட்டில் கத்தி தானே திறக்காமல் பார்த்துக்கொள்வது அதுதான். திறக்கும்போது வேகத்தைக் கொடுப்பதும் அதுதான். துடுப்பை விரலால் அழுத்தினால் குண்டு குழியை விட்டு வர மறுக்கும். விரலில் விசை சேர்ந்துகொண்டே போகும். குண்டு விடுபட்ட நொடியில் சேர்ந்த விசை மொத்தமும் அலகுக்குப் போய்விடும். கோலிக்குண்டைச் சுண்டுகிறோமே, அந்த மாதிரி. டிடென்டைச் சரியாக வைத்த மேனுவல் ஃப்ளிப்பரையும் அசிஸ்டடையும் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் எது எது என்று எனக்குப் பாதித் தடவைதான் சொல்ல முடிகிறது. அசிஸ்டடில் மூடி வைக்கிற வேலையைக் கம்பி பார்த்துக்கொள்வதால், பல கத்திகளில் இந்தக் குண்டும் குழியும் ஒப்புக்குத்தான் இருக்கும். கம்பி போனால் கத்திக்கு இரண்டு பக்கமும் போய்விடும், திறக்கவும் ஆள் இல்லை, மூடி வைக்கவும் ஆள் இல்லை.

இப்போது ஏப்ரனில் இருப்பது பெஞ்ச்மேட் மினி கிரிப்டிலியன். பழையதாக 80 டாலருக்கு வாங்கினது. புதிதாக வாங்கியிருந்தால் வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். மெல் பார்டூ என்பவரின் வடிவம், அலகு மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி. பிடி பிளாஸ்டிக்தான், பார்க்க ஒன்றும் இல்லை. இதன் பூட்டுக்குத்தான் நான் காசு கொடுத்தேன். ஆக்சிஸ் லாக் என்று பெயர். பில் மக்ஹென்றி, ஜேசன் வில்லியம்ஸ் என்று இரண்டு பேர் உண்டாக்கியது. இதுவும் 1998ஐ ஒட்டி வந்ததுதான். பிடியின் குறுக்கே ஒரு இரும்புத் தண்டு, இரண்டு பக்கமும் தலை நீட்டிக்கொண்டிருக்கும். திறந்ததும் தண்டு முன்னால் வந்து அலகின் அடியில் ஆப்பு மாதிரி இறங்கிவிடும். மூட வேண்டுமானால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக இரண்டு தலையையும் பிடித்துப் பின்னால் இழுத்தால் போதும். அலகு அவிழ்ந்துவிடும், மணிக்கட்டை லேசாக அசைத்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். விரல் எதுவும் அலகின் பாதையில் இல்லை. இடது கைக்கும் வலது கைக்கும் ஒரே மாதிரி. என் வாழ்க்கையில் எனக்கென்று செய்த மாதிரி இருந்த இரண்டாவது பொருள் இது. முதலாவது பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் எங்கிருந்தோ வாங்கிக் கொடுத்த இடக்கைக் கத்தரிக்கோல்.

ஸ்பிரிங்கே இல்லாத கத்தி என்று இதைப் பீற்றிக்கொள்ளவும் முடியாது. அந்தத் தண்டை முன்னால் தள்ளுவதே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய ஸ்பிரிங்தான், தலைமுடி மாதிரி. அவையும் ஒருநாள் உடையும். ஒன்று உடைந்தால் மற்றது கொஞ்ச நாள் தாங்கும். அது உடைந்தாலும் அலகு என் மேல் பாயாது என்பது எனக்குப் போதும்.

இதே பூட்டோடு அசிஸ்டடும் உண்டு. பாரேஜ் என்று அதே கம்பெனியின் கத்தி, வாரன் ஆஸ்போர்ன் வடிவமைத்தது, 3.6 அங்குல அலகு. பொங்கல் அன்றைக்கு எல்லாரும் சமைத்துக் கொண்டுவந்து கூடிச் சாப்பிட்ட இடத்தில் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் அதை வைத்துக் கரும்பைச் சீவிக்கொண்டிருந்தார். "அசிஸ்டட் வேண்டாம்னு சொல்றீங்களாமே, இதப் பாருங்க" என்று நீட்டினார். திறப்பது அழகுதான், மறுக்கவில்லை. மூடுவதற்குத் தண்டை இழுத்தேன். என் கத்தியில் அந்த இடத்தில் அலகு அவிழ்ந்துவிடும். இதில் அப்படியே விறைத்து நின்றது. தண்டை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அலகை மறுகையால் ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ள வேண்டியிருந்தது. பூட்டு அதேதான், ஆனால் ஒரு கை வேலை இரண்டு கை வேலையாகிவிட்டது. போதாததற்கு முதுகில் ஒரு பாதுகாப்பு நகர்த்தி வேறு. தானே திறந்துவிடாமல் இருக்க. திறப்பதைச் சுலபமாக்க ஒரு ஸ்பிரிங் வைத்துவிட்டு, அது ரொம்பச் சுலபமாகிவிடாமல் இருக்க இன்னொரு பூட்டு வைக்கிறார்கள். அதை நண்பரிடம் சொல்லவில்லை, கரும்பு நல்ல கரும்பு.

ஆனாலும் எங்கள் கடையிலேயே அசிஸ்டடுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் என் கூட வேலை பார்க்கிற மெக்சிகோ அக்கா என்னோடு பேச மாட்டார். அவர் இருபது வருஷம் தையல் ஆலையில் இருந்தவர். வலது கட்டைவிரல் மூட்டு தேய்ந்துபோய், குளிர்காலத்தில் ஜாடி மூடியைக்கூடத் திருக முடியாது. அவர் வைத்திருப்பது கெர்ஷா லீக், கென் ஆனியன் வடிவம்தான், மூன்று அங்குல அலகு, விரல் தடிமன்கூட இல்லாத ஒல்லிக் கத்தி. ஆள்காட்டி விரலால் துடுப்பைத் தொட்டால் போதும், கட்டைவிரலுக்கு வேலையே கிடையாது. மேனுவல் ஃப்ளிப்பரும் ஆள்காட்டி விரல் வேலைதானே என்றால், மேனுவலை அரைமனதாகத் தட்டினால் அலகு பாதி வழியில் நின்றுவிடும். அசிஸ்டட் அரைமனதை மன்னிக்கும். பரோட்டாப் பெட்டி பிரிக்க ஃப்ரீசருக்குள் போகும்போது கையில் தடித்த உறை இருக்கும். என் கத்தியின் குமிழ் உறைக்குள் இருக்கிற கட்டைவிரலுக்குத் தட்டுப்படவே மாட்டேன் என்கிறது. அந்த அரை மணி நேரம் மட்டும் அவர் லீக்கைக் கடன் கேட்பேன். அவர் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் தருவார்.

அவர் மூடுவதைப் பார்க்க வேண்டும். பூட்டுத் தகட்டை நகர்த்திவிட்டு, அலகின் முதுகைத் தொடையில் ஊன்றி, பிடியை இறக்குவார். விரல் ஒன்றும் பாதையில் இருக்காது. மூடினதும் முனைக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டி நகர்த்தியைத் தள்ளி அலகின் நுனியைப் பூட்டுவார். பாக்கெட்டில் வேறு எதிலாவது துடுப்பு இடறித் திறந்துகொள்ளக் கூடாது என்பதற்காக லீக்கில் வைத்த ஏற்பாடு அது. ஒரு தடவைகூட அவர் மறந்து நான் பார்த்ததில்லை. நான் மறந்துவிடுவேன், எனக்குத் தெரியும். சமையல் கேஸையே இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்க்கிற ஆள்.

லண்டனில் படிக்கிற என் அக்கா மகன், சித்தி எனக்கும் ஒன்று கொண்டு வாங்க என்றான். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அங்கே 2021 ஜூலையிலிருந்து ஸ்பிரிங் உதவியோடு திறக்கிற கத்தியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். காரணம் சொல்லாமல் வெளியே எடுத்துப் போக வேண்டுமானால் மூன்று அங்குலத்துக்குள், பூட்டே இல்லாமல் மடங்குகிற கத்தி. விக்டோரினாக்ஸ் என்கிற சுவிஸ் மடக்குக்கத்தி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆரஞ்சு உரிக்கிறானாம்.

டாலஸ் தம்பிக்கு: கடைக்கே போய் வாங்குங்கள். அமேசான் வேண்டாம். கையில் எடுத்ததும் திறக்காதீர்கள், திறந்து தரச் சொல்லி வாங்குங்கள். இருபது தடவை மூடிப் பாருங்கள். பத்துத் தடவை பார்த்துக்கொண்டு, பத்துத் தடவை கடைக்காரரோடு பேசிக்கொண்டே. பேசிக்கொண்டே மூடும்போது விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். நீங்கள் வலக்கைக்காரர், லைனர் லாக் உங்களுக்கு ஒத்துவரலாம். அட்டைத் தூசிக்கும் மாவுத் தூசிக்கும் நடுவில் உபயோகிக்கப் போகிறீர்கள் என்றால் அலகு சுழல்கிற அச்சில் குட்டிக் குண்டுகள் வைத்த பேரிங் வேண்டாம், வெண்கல வாஷர் போதும். மஞ்சள்தூள் மூட்டை ஒன்று என் பக்கத்தில் உடைந்த அன்றைக்கு இது எனக்குத் தெரிந்தது.

அப்பாவுக்கும் போன வருஷம் ஒரு கத்தி கொண்டுபோனேன். பெட்டியில்தான், கைப்பையில் இல்லை. ஓபினெல் எட்டாம் நம்பர், பிரான்சின் சவுவா மலைப்பக்கத்தில் ஜோசப் ஓபினெல் 1890இல் தொடங்கின கத்தி. மரப்பிடி, எட்டரை சென்டிமீட்டர் அலகு, ஸ்பிரிங் மருந்துக்கும் கிடையாது. நகத்தை விட்டு இழுத்துத் திறக்க வேண்டும், பிறகு கழுத்தில் இருக்கிற இரும்பு வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். அந்த வளையம் 1955இல் வந்தது. துருப்பிடிக்காத இரும்பு வேண்டாம், அருவாமனை மாதிரி கறுக்கிற இரும்பாகத்தான் வாங்கினேன். அப்பா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், ஆயுள் முழுக்கப் பென்சிலைப் பாதி பிளேடால் சீவியவர். ஒரே நாளில் மாங்காய் வெட்டி அலகைக் கறுக்க வைத்துவிட்டு, "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார்.

ஐப்பசி மழைக்குப் பிடி ஊறிப்போய் அலகு வெளியே வர மறுத்திருக்கிறது. இதற்குச் சவுவா ஊர்க்காரர்களிடம் ஒரு வித்தை உண்டு: பிடியின் வாலை மேசையில் ஒரு தட்டு தட்டினால் அலகு தலையை நீட்டும், அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். அதைச் சொல்லலாம் என்று வீடியோவில் கூப்பிட்டேன். அதற்குள் அவர் ஆட்டுக்கல்லில் தட்டி எடுத்துவிட்டிருந்தார். கொய்யாப்பழம் ஒன்றை நாலாக நறுக்கி, அலகை வேட்டியில் துடைத்தார். வளையத்தைத் திருப்பினார். இரண்டு கையாலும் மெதுவாக மடக்கினார். மூடின பிறகு வளையத்தை மறுபடி திருப்பிப் பூட்டினார். சட்டைப் பைக்குள் போடுவதற்கு முன்னால், தேங்காய் வாங்கும்போது செய்கிற மாதிரி, கத்தியைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார்.